பயோடீசல் தரச் சோதனை: ஜிசியும் ரோபோவும், புதிதாக ஆய்வகத்தில் சேர்ந்தவர்களுக்கு

பயோடீசல் ஆய்வகத்துக்குத் தானியங்கி எதற்கு என்று கேட்டால் பலரும் "வேகத்துக்கு" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அவ்வளவு பொருந்தவில்லை. கிளிசரால் சோதனையில் ஒரு மாதிரி கேஸ் குரோமட்டோகிராஃபைக் (சுருக்கமாக ஜிசி, கலவையை ஆவியாக்கி நீண்ட குழாயில் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவி) கடக்கக் கிட்டத்தட்ட 32 நிமிடம் ஆகும். அப்புறம் 380 டிகிரிக்கு ஏறிய, அந்தக் குழாயைச் சூடேற்றும் ஓவன் மறுபடி 50 டிகிரிக்கு இறங்க வேண்டும். மாதிரியை யார் தயாரித்தாலும் இந்த நேரம் குறையாது. மாதிரி தயாரிக்கும் ரோபோவால் கிடைப்பது சீர்மை: ஒவ்வொரு குப்பிக்கும் ஒரே அளவு, ஒரே வரிசை, ஒரே காத்திருப்பு. ஆனால் தவறாகச் சொல்லிக்கொடுத்தால் அந்தத் தவறையும் அதே சீராகச் செய்து, அழகாக ஒத்துப்போகும் தப்பான எண்களைக் கொடுக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ரோபோ தாமதமாக வருகிறது.

எதை அளக்கப் போகிறோம்

எண்ணெய் அல்லது கொழுப்பு என்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடு. வினையூக்கியோடு மெத்தனால் சேர்த்துச் சூடாக்கினால் அது படிப்படியாக உடைகிறது: முதலில் டைகிளிசரைடு, அப்புறம் மோனோகிளிசரைடு, கடைசியில் கிளிசரால். ஒவ்வொரு படியிலும் ஒரு மெத்தில் எஸ்டர் கழன்று வரும். அந்த எஸ்டர்தான் பயோடீசல். வினை பாதியில் நின்றாலோ, கிளிசரால் சரியாகப் பிரியாவிட்டாலோ, மிச்ச மெத்தனாலை ஓட்டியெடுக்காவிட்டாலோ அவை எரிபொருளிலேயே தங்கிவிடும். மோனோகிளிசரைடு குளிரில் படிந்து வடிகட்டியை அடைக்கும். கிளிசரால் தொட்டியின் அடியில் சேரும், எஞ்சின் இன்ஜெக்டரில் கரிப் படிவை உண்டாக்கும். மெத்தனால் தீப்பற்றும் வெப்பநிலையைக் கீழே இழுக்கும்.

ஐரோப்பியத் தரமான ஈஎன் 14214 இவற்றுக்கெல்லாம் நிறை சதவீதத்தில் எல்லை வைத்திருக்கிறது. தனிக் கிளிசரால் 0.02, மொத்தக் கிளிசரால் 0.25, மோனோகிளிசரைடு 0.70, டைகிளிசரைடும் ட்ரைகிளிசரைடும் தலா 0.20, மெத்தனால் 0.20. இவை எல்லாம் உச்ச வரம்புகள். எஸ்டர் அளவு மட்டும் குறைந்தது 96.5 இருக்க வேண்டும். அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் டி 6751-இல் தனிக் கிளிசரால் 0.020, மொத்தக் கிளிசரால் 0.240.

இந்தப் பட்டியலை மூன்று ஜிசி சோதனைகள் தீர்த்துவைக்கின்றன. கிளிசராலுக்கும் கிளிசரைடுகளுக்கும் ஏஎஸ்டிஎம் டி 6584 அல்லது ஈஎன் 14105, எஸ்டருக்கு ஈஎன் 14103, மெத்தனாலுக்கு ஈஎன் 14110. நீர், அமில எண், கந்தகம், ஆக்சிஜனேற்ற நிலைப்பு போன்றவற்றுக்கு வேறு கருவிகள் உண்டு, ஜிசியிடம் அதைக் கேட்காதீர்கள். இன்னொன்று, இவை கலப்படமில்லாத பயோடீசலுக்கான முறைகள். சாதாரண டீசல் கலந்த மாதிரியைக் கிளிசரால் சோதனையில் ஏற்றினால் டீசலின் ஹைட்ரோகார்பன் பீக்குகள் (ஒவ்வொரு பொருளும் வெளிவரும்போது வரைபடத்தில் எழும் மேடுகள்) எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றில் கிளிசரால் சோதனைதான் ஆளைச் சோதிப்பது. அதை முழுதாகச் சொல்கிறேன், மற்ற இரண்டையும் சுருக்கமாக.

1. மாதிரியை ஒழுங்காக எடுங்கள்

கிளிசரால் பயோடீசலில் அவ்வளவாகக் கரையாது. நின்றால் அடியில் இறங்கும். அசையாமல் வைத்திருந்த புட்டியின் மேல்மட்டத்திலிருந்து எடுத்த மாதிரி எப்போதும் நல்ல பெயர்தான் வாங்கும். புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். கலங்கலாகவோ உறைந்தோ இருந்தால் இளஞ்சூட்டில் முழுதாகத் தெளியும்வரை வைத்து, குலுக்கி, அப்புறம் எடுங்கள். மெத்தனால் சோதனைக்கான பங்கைச் சூடாக்குவதற்கு முன்பே தனியாக எடுத்து மூடிவிட வேண்டும். திறந்து சூடாக்கிய புட்டியில் மெத்தனால் மிஞ்சாது.

எந்த எண்ணெயிலிருந்து செய்தது என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெய், பனங்கொட்டை எண்ணெய் போன்ற லாரிக் எண்ணெய்களிலிருந்து வந்த பயோடீசலுக்கு டி 6584 பொருந்தாது என்று அந்த முறையே சொல்கிறது. அவற்றின் கிளிசரைடுகள் குட்டைச் சங்கிலிகளால் ஆனவை, முன்கூட்டியே வெளிவந்து மற்ற பீக்குகளோடு கலந்துவிடும். மென்பொருளுக்கு இது தெரியாது. அது பாட்டுக்கு ஒரு எண் கொடுத்துவிடும்.

2. ஜிசியை அமையுங்கள்

டி 6584-க்கு வழக்கமாகப் பயன்படுவது 5 சதவீத ஃபீனைல் கலந்த பாலிடைமெத்தில்சிலாக்ஸேன் பூச்சுள்ள உயர்வெப்பக் கேப்பிலரி குழாய். 15 மீட்டர் நீளம், 0.32 மிமீ உள்விட்டம், 0.1 மைக்ரோமீட்டர் பூச்சு. முன்னால் 0.53 மிமீ விட்டமுள்ள பூச்சில்லாத குழாய் ஒன்று 2 முதல் 5 மீட்டர் வரை. சிரிஞ்சின் ஊசி நேராக நுழைவது இதற்குள்தான்.

ஊசி நேராகக் குழாய்க்குள் போவதற்குக் காரணம் இருக்கிறது. ட்ரைகிளிசரைடுகள் எளிதில் ஆவியாகாதவை. ஜிசியின் சூடான இன்ஜெக்டரில் பிரித்துச் செலுத்தும் வழக்கமான முறையில் இலேசானவை முழுதாக உள்ளே போகும், கனமானவை ஊசியிலும் கண்ணாடி உறையிலும் தங்கிவிடும். அதனால் குளிர்ந்த நிலையில் நேரடியாகக் குழாய்க்குள் 1 மைக்ரோலிட்டர் செலுத்தி, ஓவனோடு சேர்த்துச் சூடேற்றுகிறோம். ஓவன் நிரல்: 50 டிகிரி செல்சியஸில் 1 நிமிடம், நிமிடத்துக்கு 15 டிகிரி வீதம் 180 வரை, 7 வீதம் 230 வரை, 30 வீதம் 380 வரை, அங்கே 10 நிமிடம். சுடர் அயனியாக்க டிடெக்டரும் 380 டிகிரியில். சுமந்து செல்லும் வாயு ஹைட்ரஜன் அல்லது ஹீலியம், நிமிடத்துக்கு 3 மில்லிலிட்டர். ஹைட்ரஜன் என்றால் கசிவு உணரி கட்டாயம். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றக்கூடியது அது, ஓவனோ மூடிய பெட்டி.

இரண்டு குழாய்களும் சேரும் இணைப்புதான் இந்த அமைப்பின் பலவீனமான இடம். 50-க்கும் 380-க்கும் இடையே திரும்பத் திரும்ப ஏறி இறங்கும்போது அது தளரும். புதிதாகப் பொருத்தியபின் சில ஓட்டங்கள் முடிந்ததும் மறுபடி கசிவு பாருங்கள். சாதாரண கேப்பிலரி குழாயின் வெளிப்பூச்சு இந்த வெப்பத்தில் நொறுங்கத் தொடங்கும் என்பதால் பல ஆய்வகங்கள் உலோகக் குழாய்க்கு மாறிவிட்டன. விலை கூடுதல்தான், ஆனால் ஆளில்லாத இரவில் ஓட்டுவதாக இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன்.

3. முதலில் கையால் செய்யுங்கள்

பிரிடினும் (கரைப்பான்) எம்எஸ்டிஎஃப்ஏவும் (மாதிரியோடு வினைபுரியும் திரவம்) புகைபோக்கி அலமாரிக்குள்தான் திறக்க வேண்டும். நைட்ரைல் கையுறை பிரிடினைத் தாங்காது, பியூட்டைல் ரப்பர் நல்லது.

10 மில்லிலிட்டர் செப்டம் குப்பியில் (ஊசி குத்தக்கூடிய ரப்பர் மூடி உள்ளது) சுமார் 100 மில்லிகிராம் மாதிரியை 0.1 மில்லிகிராம் துல்லியத்தில் எடை போடுங்கள். அதில் 100 மைக்ரோலிட்டர் பியூட்டேன்ட்ரையால் கரைசல், 100 மைக்ரோலிட்டர் ட்ரைகாப்ரின் கரைசல், 100 மைக்ரோலிட்டர் எம்எஸ்டிஎஃப்ஏ சேர்த்துக் குலுக்குங்கள். அறை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். அப்புறம் 8 மில்லிலிட்டர் ஹெப்டேன் ஊற்றிக் கலக்கினால் செலுத்தத் தயார்.

முதல் இரண்டும் இன்டர்னல் ஸ்டாண்டர்டுகள், பிரிடினில் கரைத்தவை. பியூட்டேன்ட்ரையால் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், ட்ரைகாப்ரின் 8 மில்லிகிராம். அளவு தெரிந்த பொருளை மாதிரிக்குள்ளேயே போட்டு, அதன் பீக்கோடு மற்றவற்றை ஒப்பிடுகிறோம். கிளிசராலுக்கு முன்னது துணை, மூன்று கிளிசரைடுகளுக்கும் பின்னது.

எம்எஸ்டிஎஃப்ஏவின் வேலை கிளிசரால், மோனோ, டை ஆகியவற்றின் ஹைட்ராக்சில் முனைகளை மூடுவது. மூடாத கிளிசரால் குழாயில் ஒட்டிக்கொண்டு வாலும் நீளமுமாக வரும், அளக்க முடியாது. இந்த வினைபொருளுக்கு நீர் ஆகாது. ஈரத்தைப் பொறுத்தவரை எல்லோரும் மாதிரியைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் மாதிரியில் தர எல்லையான கிலோவுக்கு 500 மில்லிகிராம் நீர் இருந்தாலும், 100 மில்லிகிராம் பயோடீசலில் அது வெறும் 0.05 மில்லிகிராம். 100 மைக்ரோலிட்டர் எம்எஸ்டிஎஃப்ஏவுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அடிக்கடி திறந்து மூடும் பிரிடின் புட்டிதான் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

ஒரே மாதிரியைக் கையால் பலமுறை தயாரித்து, எண்கள் ஒன்றோடொன்று ஒத்து வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். ரோபோ வந்தபின் ஏதாவது தவறினால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களிடம் இருக்கப்போவது இந்த எண்கள்தான்.

4. காலிபரேஷன்

கிளிசரால், மூன்று கிளிசரைடுகளுக்கும் பிரதிநிதிகளான மோனோஓலின், டைஓலின், ட்ரைஓலின் ஆகிய நான்கையும் ஐந்து வெவ்வேறு அளவுகளில் கலந்து, மாதிரியைப் போலவே வினைப்படுத்திச் செலுத்துங்கள். பீக் பரப்பு விகிதத்தையும் நிறை விகிதத்தையும் வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.99-க்குக் குறையக் கூடாது. அந்த எண் நன்றாக இருக்கிறதென்று நிம்மதியடைய வேண்டாம், கோட்டின் கீழ்முனையையும் பாருங்கள். தனிக் கிளிசரால் எல்லை வெறும் 0.02 சதவீதம். மேல்முனைப் புள்ளிகள் கோட்டை இழுத்துப் பிடித்து நேராக்கிவிடும், கீழ்ப்புள்ளி விலகியிருந்தாலும் ஆர் ஸ்கொயர் காட்டிக்கொடுக்காது.

5. இப்போது ரோபோ

இதுவரை செய்ததை இரண்டு சிரிஞ்சுகள் உள்ள ரோபோ கைக்கு மாற்ற வேண்டும். சிறியது ஸ்டாண்டர்டுகளுக்கும் எம்எஸ்டிஎஃப்ஏவுக்கும், பெரியது ஹெப்டேனுக்கு. நிரல் இப்படிப் போகும்: முதல் ஸ்டாண்டர்டு, கழுவு, இரண்டாம் ஸ்டாண்டர்டு, கழுவு, எம்எஸ்டிஎஃப்ஏ, கழுவு, குலுக்கு, 20 நிமிடம் காத்திரு, ஹெப்டேன், குலுக்கு, செலுத்து. எடை போடுவதைப் பெரும்பாலான இடங்களில் மனிதர்தான் செய்கிறார். தராசைக் கணினியோடு இணைத்து, குப்பியின் பார்கோடோடு எடை தானாகப் பதியும்படி செய்துவிடுங்கள். கையால் எழுதி, கையால் தட்டச்சு செய்யும்போது இலக்கங்கள் இடம் மாறுவதுதான் இந்த வேலையில் மிக மலிவாகத் தவிர்க்கக்கூடிய பிழை.

எதில் துல்லியம் வேண்டும், எதில் வேண்டாம் என்று தெரிந்துகொண்டால் பாதி நேரம் மிச்சம். 8 மில்லிலிட்டர் ஹெப்டேன் கொஞ்சம் கூடக் குறைய இருந்தால் மாதிரியும் ஸ்டாண்டர்டும் சேர்ந்தேதான் நீர்த்துப்போகும், விகிதம் மாறாது. எம்எஸ்டிஎஃப்ஏ எப்படியும் தேவைக்கு மேலேதான் போடுகிறோம். ஸ்டாண்டர்டுகளின் 100 மைக்ரோலிட்டர் மட்டும் தப்பினால் முடிவு அதே அளவுக்குத் தப்பும். ஆகவே அதைத் தராசில் சோதியுங்கள். பிரிடினின் அடர்த்தி ஏறக்குறைய 0.98. ஒரு தடவை ஊற்றினால் சுமார் 98 மில்லிகிராம் வர வேண்டும். தொடர்ந்து பத்து தடவை ஊற்றவைத்து, ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். எடை குதித்தால் சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருக்கலாம். இழுக்கும் வேகத்தைக் குறைத்து, இழுத்தபின் ஓரிரு விநாடி நிறுத்திப் பாருங்கள்.

கழுவும் கரைப்பான் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. சிரிஞ்சு கழுவ மெத்தனாலும் ஐசோப்ரோப்பனாலும் ஆய்வகத்தில் எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கும். இரண்டும் ஆல்கஹால். சிரிஞ்சில் மிஞ்சும் துளி எம்எஸ்டிஎஃப்ஏவோடு வினைபுரியும். ஸ்டாண்டர்டுகளுக்குப் பின் பிரிடின், மற்றவற்றுக்கு ஹெப்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சில கருவிகள் 2 மில்லிலிட்டர் குப்பிகளை மட்டுமே ஏற்கும். அப்போது எல்லா அளவையும் பத்தில் ஒன்றாக்குவார்கள்: 10 மில்லிகிராம் மாதிரி, 10 மைக்ரோலிட்டர் ஸ்டாண்டர்டு, 0.8 மில்லிலிட்டர் ஹெப்டேன். செலவும் கழிவும் குறையும் என்பது உண்மை. ஆனால் 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசில் 10 மில்லிகிராம் நிறுத்தால் தராசின் கடைசி இலக்கமே 1 சதவீதம். 0.01 மில்லிகிராம் காட்டும் தராசு இல்லையென்றால் அந்த வழி வேண்டாம். இருந்தாலும், பெரிய குப்பியில் கிடைத்த எண்களோடு ஒத்துப்போகிறதா என்று காட்டிய பிறகே அறிக்கையில் கையெழுத்துப் போடுங்கள்.

காலையில் வந்ததும் இருபது குப்பிகளை ஒரேயடியாகத் தயாரித்து வரிசையில் நிறுத்துவது கையால் செய்யும் காலத்துப் பழக்கம். முதல் குப்பி உடனே போகும், கடைசிக் குப்பி அரை நாளுக்கு மேல் நின்று ஈரம் வாங்கும். ரோபோவை அப்படி ஓட்டினால் அதை வாங்கியதற்கே அர்த்தமில்லை. ஒரு மாதிரி ஜிசிக்குள் ஓடும்போதே அடுத்ததைத் தயாரிக்கும்படி மென்பொருளில் நேரத்தை மடித்துவையுங்கள். ஓவன் குளிர்ந்து தயாராகும் நிமிடத்தில் அடுத்த குப்பியும் தயாராக இருக்கும். எல்லாக் குப்பிகளுக்கும் வயது ஒன்றே. எம்எஸ்டிஎஃப்ஏவையும் பெரிய புட்டியிலிருந்து நேரடியாக இழுக்க வேண்டாம். ஊசி குத்திக் குத்தித் துளையான செப்டம் வழியாகக் காற்று போய்க்கொண்டிருக்கும். அன்றைக்குத் தேவையானதைச் சிறு குப்பிகளில் ஊற்றி, பாதி வரிசையில் புதுக்குப்பிக்கு மாறும்படி நிரலில் எழுதுங்கள்.

6. வரிசையும் நிறுத்தும் விதியும்

தொடக்கத்தில் வெற்றோட்டம், அதாவது மாதிரி இல்லாமல் வினைபொருள்கள் மட்டும். அடுத்து அளவு தெரிந்த சரிபார்ப்புக் கரைசல். அப்புறம் மாதிரிகள், சிலவற்றை இரட்டையாக. நடுவிலும் கடைசியிலும் மறுபடி சரிபார்ப்புக் கரைசல். அது எல்லைக்கு வெளியே போனால் ஓட்டம் தானாக நிற்க வேண்டும். இந்த விதியை எழுதாமல் இரவு ஓட்டத்துக்கு விட்டால் காலையில் கிடைப்பது வீணாய்ப்போன மாதிரிகளும் கழிவும்தான்.

பியூட்டேன்ட்ரையால் பீக்கின் பரப்பையும் ஓட்டத்துக்கு ஓட்டம் வரைபடமாக்குங்கள். எல்லாக் குப்பியிலும் அதன் அளவு ஒன்றே. அதற்கும் ஹைட்ராக்சில் முனைகள் உண்டு, அதுவும் எம்எஸ்டிஎஃப்ஏவை நம்பித்தான் இருக்கிறது. ட்ரைகாப்ரினுக்கு அப்படி முனை கிடையாது. ட்ரைகாப்ரின் நிலையாக இருக்க பியூட்டேன்ட்ரையால் மட்டும் சரிந்தால் வினைபொருள் கெட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்து சரிந்தால் ஊற்றுவதிலோ செலுத்துவதிலோ கோளாறு. ட்ரைஓலின் மட்டும் சரிந்தால் முன்குழாயையும் இணைப்பையும் பாருங்கள், கனமானவை அங்கேதான் தொலையும்.

7. பீக்குகளைப் படிப்பது

வரும் வரிசை இது: கிளிசரால், பியூட்டேன்ட்ரையால், பிரம்மாண்டமான எஸ்டர் பீக்குகள், மோனோகிளிசரைடுகள், ட்ரைகாப்ரின், டைகிளிசரைடுகள், ட்ரைகிளிசரைடுகள். எஸ்டர் திரையைக் கிழித்துக்கொண்டு போகும், கவலைப்படாதீர்கள், அதை இங்கே அளப்பதில்லை. கிளிசரைடுகள் தனித்தனி பீக்குகளாக வராமல் கொத்தாக வரும். டைகிளிசரைடு ட்ரைகாப்ரினின் 1.05 முதல் 1.09 மடங்கு நேரத்தில், ட்ரைகிளிசரைடு 1.16 முதல் 1.31 மடங்கில். மென்பொருளுக்கு இந்தச் சாளரங்களைக் கொடுத்து, உள்ளே இருப்பதைக் கூட்டச் சொல்லுங்கள். ஓவன் சூடேறும்போது வரைபடத்தின் அடிக்கோடும் (பீக் இல்லாத இடத்தில் ஓடும் கோடு) ஏறும். தானியங்கிக் கணிப்பு தடுமாறுவது அங்கேதான். எல்லா ஓட்டங்களின் அடிக்கோட்டையும் பெரிதாக்கிக் கண்ணால் ஒருமுறை பாருங்கள். திருத்தினால் காரணத்தை எழுதிவையுங்கள்.

8. மொத்தக் கிளிசரால் கணக்கு

கிளிசரைடுகளுக்குள் கட்டுண்டிருக்கும் கிளிசராலையும் சேர்த்தால்தான் மொத்தம். ஈஎன் 14105-இல் காரணிகள் மோனோவுக்கு 0.255, டைக்கு 0.146, ட்ரைக்கு 0.103. தனிக் கிளிசரால் 0.012, மோனோ 0.55, டை 0.14, ட்ரை 0.08 என்று வைத்துக்கொள்வோம். 0.012-உடன் 0.140, 0.020, 0.008 சேர்ந்து 0.18 சதவீதம். 0.25-க்குள் இருக்கிறது, தேறியது. டி 6584-இன் காரணிகள் சற்று மாறுபடும்: 0.2591, 0.1488, 0.1044. ஸ்டாண்டர்டுகளும் ஒன்றல்ல. ஒரு முறையில் அளந்து இன்னொன்றின் காரணியைப் போடாதீர்கள்.

மற்ற இரண்டு சோதனைகள்

எஸ்டர் அளவு எளிது. மாதிரியையும் ஒரு இன்டர்னல் ஸ்டாண்டர்டையும் கரைத்து, மெழுகு வகைக் குழாயில் ஓட்ட வேண்டும், வினைப்படுத்தல் இல்லை. கவனிக்க வேண்டியது எந்தப் பதிப்பைப் பின்பற்றுகிறீர்கள் என்பது. ஈஎன் 14103-இன் 2003 பதிப்பில் ஸ்டாண்டர்டு 17 கார்பன் அமிலத்தின் மெத்தில் எஸ்டர். விலங்குக் கொழுப்பில் அது இயற்கையாகவே கொஞ்சம் இருப்பதால் கணக்கு கெட்டது, 2011-இல் 19 கார்பன் எஸ்டருக்கு மாறினார்கள். பழைய நிரல் கணினியில் கிடந்தால் நீக்கிவிடுங்கள். லினோலெனிக் எஸ்டர் 12 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியையும் இதே ஓட்டத்திலேயே பார்த்துவிடலாம்.

மெத்தனாலுக்கு மாதிரியைச் செலுத்துவதே இல்லை. மூடிய குப்பியை 80 டிகிரியில் 45 நிமிடம் வைத்து, மேலே நிற்கும் ஆவியை இழுத்துச் செலுத்துகிறோம். குப்பியின் மூடி கையால் திருகினால் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழன்றால் இறுக்கம் போதாது, மறுபடி மூடுங்கள்.

எண்கள் வந்தபின்

மோனோ, டை, ட்ரை மூன்றும் உயர்ந்திருந்தால் வினை முழுமையாகவில்லை, மெத்தனாலோ வினையூக்கியோ நேரமோ போதவில்லை. கிளிசரைடுகள் குறைவாக இருந்து தனிக் கிளிசரால் மட்டும் உயர்ந்தால் பிரிப்பதிலோ கழுவுவதிலோ குறை. மெத்தனால் மட்டும் உயர்ந்தால் ஆவியாக்கும் கட்டத்தைப் பாருங்கள்.

குழப்பமானது இன்னொன்று: கிளிசரைடுகள் எல்லாம் எல்லைக்குள், மெத்தனாலும் சரி, ஆனால் எஸ்டர் 94 சதவீதம். மீதி எங்கே போனது? ஜிசி குழாயைவிட்டு வெளியே வராத பொருள்கள் இருக்கின்றன. பலமுறை பொரித்த எண்ணெயில் உண்டாகும் பாலிமர்கள் அப்படிப்பட்டவை. எந்தப் பீக்காகவும் வராது, எடையில் மட்டும் இருக்கும். எடை போட்டதிலும் ஸ்டாண்டர்டு கரைசலிலும் பிழையில்லை என்று முதலில் உறுதிசெய்துகொண்டு, மூல எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று உற்பத்திப் பிரிவிடம் கேளுங்கள். அந்த மாதிரியின் மிச்சத்தைப் பழுப்புநிறப் புட்டியில் நிரப்பி, இறுக மூடி, குளிரில் வைத்துவிடுங்கள். மறுசோதனை கேட்டு யாராவது நிச்சயம் வருவார்கள்.